நுங்கு வண்டி, வளையல் தோரணம், மாவலி: விடுமுறைக் கைவேலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பள்ளி விடுமுறைகள் இரண்டு இடங்களில் கழிந்தன. அரைப் பரீட்சை விடுமுறை மதுரை தெற்கு வாசல் பக்கம் எங்கள் சந்து வீட்டில். முழுப் பரீட்சை விடுமுறை திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் அம்மாச்சி ஊரில். 1974 முதல் 1984 வரையிலான ஆண்டுகள் அவை. அண்ணன் பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் மே மாதம் வந்தால் என்னிடம் கேட்கும் கேள்விகளைத் திரட்டிப் பதிலோடு எழுதியிருக்கிறேன். பழைய பொருள்களின் படங்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன. அவற்றைச் செய்யும் விதம்தான் கிடைப்பதில்லை. ஆகவே நினைவுகளோடு செய்முறையையும் முடிந்தவரை சேர்த்திருக்கிறேன்.

அத்தை, நாங்கள் செய்த நுங்கு வண்டியின் சக்கரம் ஏன் பிளந்துவிடுகிறது?

நுங்கை எடுத்த விதத்தில் தவறு இருக்கிறது. சாலையோரம் விற்பவர்கள் இப்போது காயைச் சுற்றிலும் செதுக்கி, சுளையைத் தனியே எடுத்துப் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். செதுக்கிய காயில் சக்கரம் வராது. தலைப்பக்கத்தை மட்டும் ஒரே வெட்டில் சீவித் தரச் சொல்லுங்கள். மூன்று கண்ணும் தெரியும். கட்டைவிரலை உள்ளே விட்டு நோண்டி, அப்படியே வாய் வைத்து உறிஞ்சுங்கள். சட்டையில் சாறு வழிந்தால் வழியட்டும். காய் முழுதாகக் கையில் நிற்கும்.

ஒரே அளவில் இரண்டு காய்கள் வேண்டும். அச்சுக்குப் பெருவிரல் பருமனில், ஒரு முழத்துக்குக் குறைவாக, சீமைக்கருவேலங் குச்சி ஒன்று. அதன் இரண்டு முனைகளையும் கூராகச் சீவி, காயின் நட்ட நடுவில் கல்லால் தட்டி இறக்க வேண்டும். முதலிலேயே துளை போட்டுவிட்டுச் செருகினால் சக்கரம் தளர்ந்து ஆடும். பிறகு நெஞ்சு உயரத்துக்கு ஒரு கவட்டைக் குச்சி. கவட்டையை அச்சின் நடுவில் பொருத்தித் தள்ளினால் அச்சும் சக்கரமும் சேர்ந்தே சுழலும். கவட்டைக்குள் அச்சு வழுக்கிக்கொண்டு ஓடும். கவட்டையின் உட்பக்கத்தைப் பட்டை உரித்து வழவழப்பாக்கிவிட்டால் வண்டி கண்மாய்க் கரை வரைக்கும் நிற்காது. இரண்டு மூன்று நாளில் காய் வாடிவிடும். அதை மாட்டுக்குப் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காய் தேடுவோம்.

உடைந்த வளையல்களில் தோரணம் செய்தது எப்படி?

என் மனத்துக்கு மிக நெருக்கமான கைவேலை இதுதான். அந்தக் காலத்தில் எங்கள் சந்தில் முக்கால்வாசி வீட்டு நிலைகளில் வளையல் தோரணம் தொங்கியது. கதவைத் திறந்து உள்ளே போகும்போது தலையில் உரசிக் கிணுகிணுவென்று சத்தம் வரும். யார் வந்தார்கள் என்பதைச் சத்தத்தை வைத்தே அம்மா சொல்லிவிடுவார். உயரமான அப்பா வந்தால் தோரணம் முழுவதும் ஒலிக்கும். நான் வந்தால் சத்தமே இருக்காது.

உடைந்த கண்ணாடி வளையல்களை ஆண்டு முழுவதும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைப்போம். சித்திரைத் திருவிழாவுக்கும் நவராத்திரிக்கும் பிறகு பாட்டில் சீக்கிரம் நிறையும். பாதி வட்டத்துக்குக் குறையாத துண்டுகளே பயன்படும். சின்னச் சில்லுகளைக் கழித்துவிட வேண்டும். மெழுகுத்திரியை ஏற்றி, துண்டின் இரு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்து, நடுப்பகுதியைச் சுடரில் காட்டுங்கள். முதலில் கரி படியும். அவசரப்பட்டு வளைத்தால் டப்பென்று உடையும். கண்ணாடி இளகுவதை விரல்களே சொல்லும். அதுவரை முரண்டு பிடித்தது சட்டென்று விட்டுக்கொடுக்கும். அந்த நொடியில் இரு முனைகளையும் மெல்ல நெருக்கி, ஒன்றையொன்று தொட்டதும் சுடரிலிருந்து விலக்கிவிடுங்கள். நீள்வட்டமான ஒரு கண்ணி கிடைக்கும். அடுத்த துண்டை இந்தக் கண்ணிக்குள் நுழைத்துக்கொண்டு அதே போல வளைக்க வேண்டும். ஆறிய பிறகு ஈரத்துணியால் கரியைத் துடைத்தால் பச்சையும் சிவப்பும் பழைய பளபளப்போடு வெளியே வரும்.

சுட்ட கண்ணாடியைத் தண்ணீரில் போடாதீர்கள், சிதறிவிடும். பிள்ளைகள் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். நாங்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் செய்தோம். என் இடது சுட்டுவிரலில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது.

ஃபியூஸ் போன பல்பை வைத்து வீட்டில் சினிமா காட்டியது உண்மையா?

உண்மை. மதுரையில் எந்தத் தெருவில் நின்றாலும் நடந்து போகிற தூரத்தில் ஒரு தியேட்டர் இருந்த காலம் அது. படம் ஓடும்போது ஃபிலிம் அறுந்தால், ஆபரேட்டர் சேதமான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார். அந்தத் துண்டுகள் எப்படியோ பெட்டிக்கடைகளுக்கு வந்து சேரும். சில பைசாவுக்கு நாலைந்து துண்டு கிடைக்கும். கதாநாயகன் முகம் இருந்தால் விலை கூடுதல்.

பல்பின் அடிப்பக்கக் கறுப்புக் கண்ணாடியை ஆணியால் தட்டி எடுத்து, உள்ளே இருக்கும் இழையை உருவிவிட்டுத் தண்ணீர் நிரப்புவோம். நீர் நிறைந்த உருண்டைக் கண்ணாடி ஒரு குவிலென்ஸ். அறையை இருட்டாக்கிவிட்டு, வெளியே வெயிலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியோடு நிற்பான். அவன் திருப்பிவிடும் வெயில், கதவில் வைத்த அட்டையின் சதுர ஓட்டை வழியாக உள்ளே வரும். ஓட்டையில் ஃபிலிம் துண்டு, அதற்கு முன்னால் நீர் பல்பு, எதிர்ச் சுவரில் தாத்தாவின் நாலு முழ வேட்டி. லென்ஸ் படத்தைத் தலைகீழாகத்தான் விழச்செய்யும். ஆகவே ஃபிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் திரையில் நேராக நிற்கும். பல்பை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தால் மங்கலாக இருந்த முகம் ஓரிடத்தில் சட்டென்று தெளியும். அப்போது அறைக்குள் எழும் ஆரவாரத்தை எந்தத் தியேட்டரிலும் நான் கேட்டதில்லை.

சூரியன் நகர நகர, வெளியே நிற்பவனும் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் படம் பார்க்க முடியாது. அதனால் அந்த வேலையை முறை வைத்துச் செய்தோம். இன்று செய்ய விரும்பினால் பல்பை உடைக்க வேண்டாம். கடையில் வாங்கும் பூதக்கண்ணாடியே போதும். அதன் வழியாகவோ வெறும் கண்ணாலோ சூரியனைப் பார்க்கவே கூடாது.

ஒயர் கூடை முடிச்சுகள் உங்களுக்குத் தெரியுமா?

சாதா முடிச்சு தெரியும். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று வேறு பின்னல்களும் உண்டு. அவற்றில் என் பெரியம்மாதான் கைகாரி. கீழமாசி வீதிக்குப் பலசரக்கு வாங்கப் போகும் பெண்கள் கையில் இருந்த கூடைகளை எட்டிப் பார்த்தே பின்னலைப் படித்துவிடுவார்.

சென்ற ஆண்டு அவரிடம் சிவன் கண் பின்னலைச் சொல்லித்தரக் கேட்டேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. "எல்லாம் மறந்துபோய்விட்டது, தாயி" என்றார். நான் விடாமல் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கட்டு ஒயர் வாங்கி வந்து மடியில் வைத்தேன். சிறிது நேரம் ஒயரைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு என்னிடம் வேறு ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டே மடக்கினார், நுழைத்தார், இழுத்தார். கதை முடிவதற்குள் அடித்தளத்தில் நான்கு கண்கள் விழுந்திருந்தன. எப்படிச் செய்தீர்கள் என்று நான் நிறுத்திக் கேட்டதும் கை நின்றுவிட்டது. மறுபடி கதைக்குத் திரும்பிய பிறகுதான் ஓடியது. அன்று முதல் பெரியவர்களிடம் எதையும் "சொல்லுங்கள்" என்று கேட்பதில்லை. பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

பல்லாங்குழியில் "பசு" என்றால் என்ன?

பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து முத்துகள். எடுத்த முத்துகளைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு குழிகள் வெறுமை என்றால் ஆட்டம் எதிராளிக்குப் போகும். இடையில் எந்தக் குழியிலாவது சரியாக நான்கு முத்துகள் சேர்ந்தால் அதுவே பசு. அது யார் பக்கத்துக் குழியோ அவர் எடுத்துக்கொள்வார். விதிகள் வீட்டுக்கு வீடு சிறிது மாறும். இது அம்மாச்சி வீட்டு விதி.

பலகை இல்லாவிட்டால் திண்ணையில் கரிக்கட்டியால் வட்டம் போட்டு ஆடினோம். முத்துக்குப் புளியங்கொட்டை. எங்கள் பக்கம் அதைப் புளியமுத்து என்போம். அதையே ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயம் ஆட உருட்டும் காய் ஆகிவிடும். தேய்த்த சூடு ஆறுவதற்குள் தம்பியின் புறங்கையில் வைத்து அலறவிடுவதும் ஆட்டத்தில் ஒரு பகுதி.

சிலேட்டை எப்படிக் கறுப்பாக்கினீர்கள்?

வேலிக் கோவை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்துக் கசக்கிப் பூசி, நிழலில் காயவைத்துத் துடைப்போம். எழுத்து பளிச்சென்று விழும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் நாளன்று வகுப்பு முழுவதும் பச்சிலை வாசனைதான்.

பரணில் இருக்கும் பழைய பித்தளைப் பாத்திரத்தில் சமைக்கலாமா?

உள்ளே ஈயம் பூசியிருந்தால் சமைக்கலாம். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் கூடாது. புளியும் மோரும் எலுமிச்சையும் பித்தளையோடு சேர்ந்தால் களிம்பு ஏறும். அதைத் தடுக்கத்தான் பூச்சு.

ஈயம் பூசுபவர் துருத்தியோடு வந்து வேப்பமரத்தடியில் குழி தோண்டி உட்காருவார். தெருவே அண்டாவும் குண்டானுமாக அங்கே கூடிவிடும். பாத்திரத்தை நன்றாகச் சுட்டு, நவச்சாரப் பொடியைத் தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பி மூக்கை எரிக்கும். உலோகத்தின் மேல் படிந்த அழுக்கை நவச்சாரம் நீக்கிவிடும். அந்தச் சூட்டிலேயே ஈயக் கம்பியை ஓரிடத்தில் தொடுவார். அது உருகிப் பொட்டாக நிற்கும். பஞ்சால் ஒரே சுற்று. மஞ்சளாக இருந்த பாத்திரத்தின் உட்புறம் கண் இமைப்பதற்குள் வெள்ளியாகிவிடும். விடுமுறையில் நான் பார்த்த வேடிக்கைகளில் இதற்கு நிகர் கிடையாது. பஞ்சு போகும் பாதையைப் பார்ப்பதற்காகவே வரிசையில் முன்னால் போய் உட்காருவேன்.

ஒன்றைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அதைச் சமையல் பாத்திரத்தில் சேர்க்கவே கூடாது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே. அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்புக்கு அந்தச் சூடு ஏறாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி ஒழுகிவிடும்.

கொலு பொம்மைகளை எங்கே வாங்கினீர்கள்?

திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரி பொம்மைகள்தான் எங்கள் வீட்டில் அதிகம். கண்மாய்க் களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வைத்து எடுத்து, காயவைத்து, சூளையில் சுட்டு வண்ணம் பூசுவார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், புரட்டாசிக்குக் கொலு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் என்று ஆண்டு முழுவதும் அந்த ஊரில் வேலை நடக்கும். இன்றும் நேரில் போய் வாங்கலாம்.

பொம்மை வாங்குவது பெரியவர்கள் வேலை. படிக்குக் கீழே பூங்கா போடுவதுதான் எங்கள் வேலை. தாம்பாளத்தில் மண் பரப்பி, ஒரு வாரம் முன்னதாகவே கேழ்வரகும் கடுகும் விதைத்தால் புல்தரை தயார். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். அதன் விளிம்பை மண்ணால் மூடிவிட வேண்டும். தீக்குச்சிகளில் வேலி. ஊரில் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி வளர்ப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை அது. முளைப்பாரியை இருட்டு அறையில் வைத்து வளர்ப்பதால் பச்சையம் பிடிக்காமல் இளமஞ்சளாக நெடுநெடுவென்று வளரும். எங்கள் பூங்கா பச்சையாக வேண்டும் என்பதால் தாம்பாளத்தைக் காலையில் மாடியில் வைத்து எடுப்போம்.

கார்த்திகைக்குச் சுற்றும் மாவலியை இப்போது செய்ய முடியுமா?

கயிற்றில் கட்டிச் சுற்றினால் பொறி சிதறும் கரிப்பொடிச் சுருள்தான் மாவலி. பனைமரமும் பொறுமையும் இருந்தால் முடியும். ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்கள் வேண்டும். மரத்தடியில் தானாக விழுந்து கிடப்பவற்றையே பொறுக்கலாம். சிறு குழி தோண்டி, பூவை அடுக்கித் தீ வைத்து, நன்றாகப் பற்றியதும் மண் போட்டு மூடிவிட வேண்டும். மூடத் தாமதித்தால் சாம்பல்தான் மிஞ்சும். சாம்பலில் பொறி வராது. காற்று புகாமல் வெந்தால் கரியாகும். மறுநாள் எடுத்து, அம்மியில் மை போல அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

பழைய பருத்தித் துணியில் அந்தப் பொடியை நீளமாகக் கொட்டி, பீடி சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, நூலால் நெருக்கமாகக் கட்ட வேண்டும். தளர்ந்த கட்டு சுற்றும்போது அவிழ்ந்துவிடும். எங்கள் மாமா ஒவ்வொரு கட்டையும் பல்லால் கடித்து இழுத்துத்தான் முடிவார். பச்சைப் பனைமட்டையைப் பிளந்து மூன்று சிம்புகள் எடுத்து, துணிச்சுருளை நடுவில் வைத்து, மேலும் கீழும் கட்டி, ஒரு முனையில் நீளமான கயிறு சேர்த்தால் மாவலி ஆயிற்று. மறுமுனையில் நெருப்புத் துண்டை வைத்து ஊதி, கனிய விட்டுச் சுற்றலாம். சுற்றும் வேகத்தில் காற்றுப் பட்டுக் கரிப்பொடி பொறிப்பொறியாகச் சிதறும். பொன்னிறத்தில் ஒரு வட்டம் நம்மைச் சுற்றி நிற்கும். "மாவலியோ மாவலி" என்று கத்திக்கொண்டு பத்துப் பேர் கண்மாய்க் கரையில் சுற்றும்போது, தண்ணீருக்குள்ளும் பத்து வட்டங்கள் தெரியும்.

வைக்கோல் படப்பு, கூரை வீடு, மொட்டை மாடித் துணிக்கொடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நைலான் உடை வேண்டாம். முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் முழுதாக முக்குங்கள். வெளியே அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கனிந்துகொண்டே இருக்கும்.

பொங்கல் வாழ்த்து அட்டைகளை வீட்டிலேயே செய்தீர்களா?

சிவகாசியில் அச்சடித்த அட்டைகள் மார்கழி பிறந்ததும் தெருவோரப் பந்தல் கடைகளில் கயிற்றில் தொங்கும். கையில் இருக்கும் காசுக்கு நாலைந்துதான் வாங்க முடியும். மற்றவர்களுக்கு நாங்களே செய்வோம். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தை வெட்டி, அதன் மேல் வேப்பிலைக் கொத்தைப் பரப்பி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை இங்க்கில் தோய்த்துச் சீப்பின் மேல் தேய்த்தால் தூவானம் போலத் துளிகள் விழும். காய்ந்த பிறகு இலையை எடுத்தால் அதன் வடிவம் வெள்ளையாக நிற்கும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்து ஓரங்களில் பூ வைப்போம். உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, மேலே "புக் போஸ்ட்" என்று எழுதினால் அன்று தபால் செலவு குறைவாக இருந்தது.

மார்கழி கடைசி நாள் காப்புக்கட்டு. கூரைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாக்கி வாசலில் செருகுவதும் பிள்ளைகளின் பொறுப்புதான். தை 1 அன்று அவனியாபுரம், 2 அன்று பாலமேடு, 3 அன்று அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு தொடங்கிவிடும். அதன் பிறகு யாரும் கைவேலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆழாக்கு, உழக்கு, நாலணா எல்லாம் எவ்வளவு?

2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. ஆக, ஒரு படிக்கு 8 ஆழாக்கு. பழைய கணக்கில் ரூபாய்க்கு 16 அணா. 1957இல் ரூபாய்க்கு 100 பைசா என்று மாறிய பிறகும் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் அழைத்தோம். 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 உடன் செல்லாமல் போயின.

புதுமண்டபக் கடைகள் இப்போது எங்கே?

குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவில்தான் எங்கள் பாடப் புத்தகங்களும் பாவாடைத் தையலும் வளையலும் ஜிகினாவும் கிடைத்தன. யாளியின் காலடியில் தையல் மெஷின் ஓடும். சிற்பங்களுக்கு இப்போதைய ஏற்பாடுதான் நல்லது. ஆனாலும் புத்தகம் வாங்கும்போது முதுகில் படும் கல்லின் குளிர்ச்சிக்கு இன்னும் ஏங்குகிறேன்.

இந்த விடுமுறையில் சிறு பிள்ளைக்கு முதலில் எதைச் சொல்லிக்கொடுக்கலாம்?

பூவரச இலை ஊதல். செலவு இல்லை, நெருப்பு இல்லை, கத்தி இல்லை. கொழுந்தும் வேண்டாம், முற்றிய இலையும் வேண்டாம். நடுத்தரமான இலை ஒன்றைப் பறித்துக் காம்பைக் கிள்ளிவிடுங்கள். ஓரத்திலிருந்து இறுக்கிச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை சற்று அகலமாகவும் இருக்கட்டும். குறுகிய முனையை இரண்டு விரல்களுக்கு நடுவில் அமுக்கிச் சப்பையாக்கி, உதட்டுக்குள் வைத்து ஊத வேண்டும். முதலில் வெறும் காற்று வரும். இன்னும் கொஞ்சம் அமுக்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதச் சொல்லுங்கள். மூன்றாவது இலையில் பீ என்று சத்தம் வந்துவிடும்.